கேசரோலுக்குக் கடுகு தாளித்தேன்

கேசரோல் என்றால் என்னவென்று எழுபதுகளின் கடைசியில்தான் எனக்குத் தெரியவந்தது. மின்சார அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுடுகிற, மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம். பாத்திரத்துக்கும் அதே பேர், உள்ளே வேகிறதுக்கும் அதே பேர். குண்டாவில் ஆக்கினால் சோற்றைக் குண்டா என்றா சொல்கிறோம்?

அதைக் கொடுத்தனுப்பியவர், மெட்ராஸிலிருந்து வந்து எங்கள் வீதியில் வாடகைக்கு இருந்த ஏற்றுமதி ஏஜெண்டின் மனைவி. என் வீட்டுக்காரர் அப்போது நாலு மிஷினை வைத்துப் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஆர்டருக்கு சாம்பிள் கொடுத்துவிட்டு, அந்த ஏஜெண்ட் எப்போது தலையாட்டுவார் என்று மூன்று வாரமாகக் காத்துக் கிடந்தார். ஆர்டர் வந்தால் கம்பெனி. வராவிட்டால் பொங்கலூருக்குத் திரும்பிப் போய் அண்ணனோடு தோட்டம் பார்க்க வேண்டியதுதான். அதனால் கேசரோல் வந்ததும் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கினார்.

திறந்தால் மக்ரோனி, உருளைக்கிழங்கு, பால், மேலே சீஸ். எல்லாம் ஒரே வெள்ளை. வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டு நல்லாத்தான் இருக்கிறது என்றார், விழுங்கவில்லை. உப்பு பேருக்கு, காரம் பேச்சுக்கே இல்லை. கொட்டவும் மனசு வரவில்லை. வாணலியில் எண்ணெய் ஊற்றி, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் போட்டுத் தாளித்து, கேசரோலை அப்படியே உள்ளே தள்ளிக் கிளறினேன். பத்து நிமிஷத்தில் சட்டி காலி.

எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, அந்தக் கண்ணாடிப் பாத்திரம் நிறையப் போட்டு, மேலே நெய்யை ஊற்றிக் கொண்டுபோனேன். கேசரோல் எப்படி என்று அந்தம்மா கேட்டார். வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடியே ரொம்ப நன்றாக இருந்தது என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் சரியில்லை. நான் கொடுத்த சோற்றை ஏஜெண்ட் ஒற்றை ஆளாகத் தின்று, பாத்திரத்தை வழித்தும் விட்டாராம். கேசரோலை மட்டும் பதினோரு வருஷமாக ஒரு கரண்டிக்கு மேல் தொட்டதில்லையாம். கேட்டால் பிரமாதம், வயிறுதான் நிறைந்துவிட்டது என்பாராம். பாவம், வகுப்புக்கெல்லாம் போய்க் கற்றுக்கொண்ட சமையல் அது.

"நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. அது நல்லா இருந்ததா?"

அவருக்குப் பின்னால், வாசற்படியில் என் வீட்டுக்காரர் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? எனக்குப் பொய் ஒரு தடவைக்கு மேல் வராது.

"இல்லீங்க. சப்புன்னு இருந்துச்சுங்க. கடுகு தாளிச்சுத்தானுங்க தின்னோம்."

 அந்தம்மா மிளகாய் எத்தனை போட்டேன் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். "கெடுத்துப்போட்டயே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த மனுஷன், சோறு கூடத் தின்னவில்லை.  இந்த வாயால் ஒரு கம்பெனியே போச்சு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

காலையில் ஏஜெண்ட் கம்பெனிக்கே வந்தார். நான் டீ கொண்டுபோயிருந்தேன். இந்த வீட்டில் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிறார்கள் என்று மனைவி சொன்னதாகச் சொன்னார். சிரிக்கவில்லை. சாம்பிள் பனியனை எடுத்து விரித்து, துவைத்தால் சுருங்குமா என்று கேட்டார். அதை அவர் கேட்பது முதல் தடவை அல்ல. சுருங்கவே சுருங்காது என்று என் வீட்டுக்காரரும் மூன்று வாரமாகச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஏஜெண்டைப் பார்த்தார். 

"சுருங்குங்க. ஒரு இஞ்ச்."

"அப்ப ஒரு இஞ்ச் சேத்து வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, ஏஜெண்ட் பையிலிருந்து ஆர்டர் தாளை எடுத்தார்.