மணிக்கயிற்றை வாங்க ஆளில்லை

உள்ளங்கை எரிச்சல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மழையில் ஊறிய தேங்காய்நார்க் கயிறு. இழுத்து முடித்துக் கையை முகர்ந்தால் ஒரு புளித்த வாடை... சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகாது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தில் இரண்டாம் வருஷமான அப்பர் சிக்ஸ் படித்தபோது எங்கள் கான்வென்ட்டில் நண்பகல் மணி அடித்தது நான்தான். பன்னிரண்டுக்கு அது ஒலித்தால் பள்ளிக்கூடமே அப்படியே நிற்கும். லேப்பில் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மூவேளை ஜெபம் சொல்வார்கள். மற்றவர்கள் அவரவர் சாமியைக் கும்பிடலாம்.

கயிறு என் கைக்கு வருவதற்கு முன், முதல் வருஷமான லோவர் சிக்ஸில் நானும் அந்த லேப்பில்தான் நின்றேன். தண்ணீர்மலை முருகனிடம் எஸ்.டி.பி.எம். பரீட்சையில் பாஸ் கேட்பேன். பக்கத்தில் என் சிநேகிதி பரீதா கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பாள். லிட்டில் இந்தியாவில் நோட்டு மாற்றும் கடை வைத்திருந்தவரின் மகள். இரண்டு பேரும் பாஸ் ஆனோம். யார் சாமி கேட்டதோ தெரியாது!

அந்தக் கயிற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பர் சிக்ஸின் கடைசி நாளில், மணி அடித்தவள் லோவர் சிக்ஸ் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிடுவாள். இருவரும் சேர்ந்து ஒரு தரம் இழுப்பார்கள். பிறகு பெரியவள் கையை எடுத்துக்கொண்டு நேராக கேட்டைத் தாண்டிப் போய்விடுவாள். திரும்பிப் பார்க்கக் கூடாது.

எனக்குக் கொடுத்தவர் மேரி அக்கா. “விட்டுறாதடி... நான் கை எடுக்கப் போறேன்” என்றார். அவ்வளவுதான். போயே போய்விட்டார்.

போன வருஷம் அதே கயிறு என் மகள் காவ்யாவின் கைக்கு வந்தது. அன்று வீட்டுக்கு வந்து உள்ளங்கையைக் காட்டினாள். சிவந்திருந்தது. நான் அழுத அழுகையைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள்.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நம் பழைய மாணவிகள் குரூப்பில் இருக்கிற பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன்.

பள்ளியின் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூட்டம். டவுனில் குடும்பங்களே இல்லை, வீடுகளெல்லாம் ஹோட்டலும் கஃபேயும் ஆகிவிட்டன. சிஸ்டர்களும் இல்லை. ஆறாம் படிவத்துக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே வருகிறது. அதை நடத்துவதா மூடுவதா என்று முடிவெடுக்கும் முன் பழைய மாணவிகளைக் கேட்கலாம் என்று நிர்வாகக் குழு கூப்பிட்டிருந்தது.

வந்தார்கள், ஹால் நிறைய. கோலாலம்பூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து மூக்கைச் சிந்தினார்கள். “இந்த ஸ்கூல் இல்லன்னா நான் இல்ல-லா!” என்று பரீதா பேசியபோது நானும் கைதட்டினேன். அவள் இப்போது கோலாலம்பூரில் பல் டாக்டர்.

சனிக்கிழமை மணி கிடையாது. ஆனால் பழைய மாணவிகள் ஆசைப்பட்டார்கள் என்று காவ்யாவை வரச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டுக்கு அவள் இழுத்தாள்.

ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தோம். ஒரு நாற்காலிகூட முனகவில்லை. பேச்சு, இருமல் எல்லாம் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உடம்பு மறக்கவில்லையே என்று எனக்குச் சிலிர்த்தது. இனி யார் வந்தாலும் இந்த வகுப்பை மூட முடியாது என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரி.

உட்கார்ந்ததும் குழுத் தலைவர் சேவியர் சார் மைக்கை எடுத்தார். அங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரல் உயரவே இல்லை.

“எல்லாரும் நல்லா பேசினீங்க. ரொம்ப சந்தோஷம். உங்க பிள்ளைங்க எத்தன பேரு இங்க படிக்கிறாங்க? அந்த அம்மா அப்பாங்க மட்டும் கொஞ்சம் எழுந்திரிங்க.”

நான் எழுந்தேன்.

யாராவது எழுந்திருப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே இருந்தேன்... எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, ஏனென்று இன்றுவரை புரியவில்லை.

“உக்காருமா” என்றார் சார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெளியே காடி நிறுத்திய இடத்தில் பரீதா என் கையைப் பிடித்தாள். “என்ன செய்யச் சொல்றே? கெமிஸ்ட்ரிக்கு வாத்தியாரே இல்லன்னு நீதானே என்கிட்ட புலம்பினே? பிள்ளைங்க எதிர்காலம்னு ஒண்ணு இருக்குல?”

பொய்யில்லை. நான்தான் புலம்பினேன். காவ்யாவுக்கு டியூஷன் தேடி அலைவதும் நான்தான்.

அதற்குள் மணிக்கூண்டுக்குக் கீழே குரூப் போட்டோ. “வா-லா, சீக்கிரம்!” என்று கூப்பிட்டார்கள். காவ்யாவிடம் கயிற்றை வாங்கி ஆளுக்கொரு தரம் பிடித்து போஸ் கொடுத்தார்கள். நான் போகவில்லை.

நேற்று முடிவு வந்துவிட்டது. ஆறாம் படிவத்துக்கு இனி புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் போவதில்லை. இந்த வருஷமே லோவர் சிக்ஸ் கிடையாது. காவ்யாவின் செட்டோடு சரி. குரூப்பில் விடிய விடிய அழுகிற முகமாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. நடுவில் போனை அணைத்து வைத்துவிட்டேன், இதை எழுதத்தான் திறந்தேன்.

எங்கள் காலத்தில் அந்தக் கயிறு யாருக்கு என்று லோவர் சிக்ஸில் சண்டையே நடக்கும். எனக்குக் கிடைத்ததற்கு ஒருத்தி மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. இப்போது கயிறு இருக்கிறது, மணி இருக்கிறது. சண்டை போடத்தான் ஆளில்லை.

இன்று காலையில் காவ்யா சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, கடைசி நாள் கயிற நான் யாரு கையில குடுக்கிறது?”

“நேரமாச்சு, கிளம்பு” என்றேன்.

அவள் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். விட்டுறாதடி என்று எனக்குச் சொல்ல மேரி அக்கா இருந்தார். என் பிள்ளையிடம் நான் என்ன சொல்வது... விட்டுடு என்றா?