பாதியில் நின்ற நோட்டு

பலராமனுக்குக் கைவேலை வராது. ஆணி அடித்தால் சுவர்தான் பெயர்ந்து வரும். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுப்பார், மோட்டார் போடுவார், அவ்வளவுதான் தெரியும். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு நாள் பிளேடும் ஃபெவிகாலுமாக உட்கார்ந்தாரென்றால், காரணம் அவர் சம்சாரம் வேதா.

வாரத்துக்கு ரெண்டு லைப்ரரி புத்தகம் முடிக்கிறவள் வேதா. சர்க்கரை கண்ணைப் பிடித்து, ரெண்டு வருஷமாகப் படிப்பையே விட்டுவிட்டாள். "படிச்சு இன்னா கலெக்டராவா ஆவப் போறேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்புவதற்கு அவர் என்ன நேற்றா தாலி கட்டினார்?

சென்னையில் வேலை பார்க்கும் மகள் கவிநிலா, எழுத்தை வேண்டிய மட்டும் பெரிசாக்கிப் படிக்கிற ஈ-ரீடர் ஒன்று அனுப்பினாள். முதல் நாளே அது வேதாவின் கையிலிருந்து வழுக்கி விழுந்து ஓரம் தெறித்துவிட்டது. "பொண்ணு சம்பாரிச்ச பொருளு, என் கைக்கு வாணாம்" என்று பட்டுப்புடவையில் சுற்றி பீரோவில் பூட்டிவிட்டாள். சாவி வைக்கிற இடம் பலராமனுக்குத் தெரியாதா?

லாட்ஜில் தங்கிய ஒரு வெள்ளைக்காரம்மா, தடி நோட்டின் நடுவைக் குடைந்து அதற்குள் இதே மாதிரி ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. புத்தகமாகப் பிடித்தால் வேதாவின் கையிலிருந்து வழுக்காது என்று தோன்றிவிட்டது.

வேதா கீழ்பென்னாத்தூருக்கு வளைகாப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த ஒரு அட்டை நோட்டை இறக்கினார். பின்னாலிருந்து புரட்டினார், எல்லாம் வெள்ளை. முன்பக்கம் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் அவர் பலராமனே இல்லையே! ஓரமெல்லாம் பசை தடவி, மேலே குழவிக்கல்லை ஏற்றி, காய்ந்ததும் பின்பக்கத்திலிருந்து ஸ்கேல் வைத்து நடுவை அறுக்க ஆரம்பித்தார்.

பாதி ஆழம் போயிருக்கும். அறுத்த தாளை எடுத்தால் அடியில் நீல மை. அருணாசலசிவ, அருணாசலசிவ என்று வேதாவின் கையெழுத்து.

பிளேடைக் கீழே போட்டுவிட்டார். கவிக்கு வேலை கிடைக்க லட்சம் தரம் எழுதுவதாக வேண்டிக்கொண்டு அவள் எழுதிய நோட்டுகளில் கடைசி அது. எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்லித் தெருவுக்கே பொங்கல் கொடுத்தாளே! ஆனால் அந்தப் பக்கத்தில் மேல்வரிகள் பொடிப்பொடியாக நேராக இருந்தன. கீழே வரவர எழுத்து பெருத்து, வரி மேல் வரி ஏறி, கடைசியில் 'அருணா' என்பதோடு நின்றிருந்தது. கவி சென்னைக்குப் போய் ரெண்டு மாசம் கழித்துத்தான் கண் விஷயமே வீட்டில் தெரியவந்தது. இவள் இப்படித் தடவித் தடவி எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்தோமே பாவி என்று பலராமனுக்கு அழுகை வந்துவிட்டது.

சாமி பேரை அறுக்க முடியுமா? அந்த ஆழத்தோடு நிறுத்திக்கொண்டார். பீரோவிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்த ஈ-ரீடர் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இழுத்துக் கட்ட பழைய டிராயர் எலாஸ்டிக் ஒன்று அகப்பட்டது. சிவசிவா என்று அதை எறிந்துவிட்டு, கடைக்குப் போய் புதுசு வாங்கி வந்தார்.

சாயங்காலம் வந்த வேதா அவர் கொடுத்த நோட்டைத் திறந்தாள். எலாஸ்டிக்கைத் தள்ளி ஈ-ரீடரை எடுத்தாள். அடியில் இருந்ததை விரலால் தடவினாள்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"அப்பவே கண்ணு மங்கிடுச்சுங்க. சொன்னா கவி வேலை வாணாம்னு ஊட்லயே குந்திடும். அதான் முடிச்சுட்டேன்னு பொய் சொன்னேன்." அவள் விரல் குடைந்த ஓரத்துக்கு நகர்ந்தது. "மீதி எழுதக்கூட இடமில்லாம குடைஞ்சுட்டீங்களே."

அறுத்தெடுத்த தாள்களைப் பலராமன் எறியவில்லை. ஊசிநூல் போட்டுக் கோணல்மாணலாகத் தைத்த குட்டி நோட்டை நீட்டினார். "பக்கத்துக்கு ஒண்ணுன்னு பெரிசா எழுது. சாமி இன்னா அவசரமா கேக்குது?"

வேதா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "முதல்ல எழுத்தைப் பெரிசு பண்ணிக் குடுங்க" என்றாள்.

ஈ-ரீடரில் ஒரு பக்கத்துக்கு ஆறே வரி வந்தது. அவள் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். பலராமன் அடுப்படிக்குப் போய் உப்புமா கிளறினார். கதை கேட்டுக்கொண்டே கிளறியதில் அடிப்பிடித்துவிட்டது. வேதா பக்கத்தைத் தள்ளிக்கொண்டே அதையும் சாப்பிட்டாள், உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.