நீச்சல்தானே, தெரியுங்க!

எங்கள் கடையில் 'இல்லை' என்று சொல்லும் பழக்கம் கிடையாது. மலைக்கோட்டைக்குக் கீழே, ஆள் மேல் ஆள் இடித்துக்கொண்டு நடக்கிற ஒரு சந்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் மயில்கழுத்துக் கலரில் புடவை கேட்பார். எங்களிடம் அது இருக்காது. இருந்தாலும், "இருக்குங்க, உக்காருங்க" என்றுதான் வாய் சொல்லும். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து புடவை பின்வாசல் வழியாக வந்துவிடும். வருஷக்கணக்காக இப்படிப் பேசிப் பழகின வாய். அந்த வாயைத்தான் ஸ்ரீரங்கத்துக்குப் பெண் பார்க்கவும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேருக்கும் நீச்சல் தெரியும், கல்யாணப் பெண் உட்பட. பெண்ணின் அண்ணன் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுங்களா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"நீச்சல்தானே, தெரியுங்க" என்றேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். "காலேஜ் படிக்கிறப்போ கொள்ளிடத்தையே இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போயிருக்கேன்" என்று பாழாய்ப்போன வாய் சேர்த்துச் சொல்லிவிட்டது.

உண்மை என்னவென்றால், நான் மன்னார்புரத்தில் பக்கெட் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன். கொள்ளிடத்தைக் கடந்தது நிஜம். மே மாதத்தில், சிநேகிதர்களோடு, நடந்து. தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை. மிச்சமெல்லாம் மணல், அது பாதத்தைப் பொசுக்கியதுதான் மிச்சம்.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் வரும்போதெல்லாம் மச்சான் "வாங்க மாப்ளே, ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்" என்று துண்டோடு வந்து நிற்பார். எனக்கு உடனே ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு தடவை சளி, இன்னொரு தடவை இடுப்புப் பிடிப்பு, அடிக்கடி காதுவலி. படித்துறைக் கடைசிப் படியில், குளிக்கிறவர்களுக்காகக் கட்டியிருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கிவிட்டு மேலே ஏறிவிடுவேன்.

இதில் மாட்டிக்கொண்டது என் மகள். அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் கொள்ளிடத்துக் கதைதான். ஒரே கதையை எத்தனை தடவை சொல்வது? ஒரு வருஷம் அதில் வெள்ளம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு பாம்பு வந்தது. அவள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்தபோது, வெள்ளத்தில் போன கன்றுக்குட்டி ஒன்றையும் நான் கரை சேர்த்திருந்தேன்.

இந்தக் கோடை விடுமுறையில், ஒன்பது வயதில், அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் தண்ணீரைப் பார்த்து ஓவென்று அழுதிருக்கிறாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா கொள்ளிடத்தையே நீந்தினவரு" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று குதித்தாளாம். சொல்லிக்கொடுக்கிற அம்மா இதைச் சொல்லி, "உங்களாலதான் சார் அவ குதிச்சா" என்று என்னைப் பாராட்டினார். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. மச்சானிடம் மாட்டினால் ஒருநாள் சிரிப்போடு போகும். இவளிடம் மாட்டினால் அப்புறம் நான் சொல்கிற எதை நம்புவாள்?

வகுப்பு முடிந்த கையோடு பாண்டிச்சேரி தாண்டி, கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு மூன்று நாள் போனோம். நான், மனைவி, மகள். புக் செய்தது மனைவி. கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். அங்கே போனால் கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெண், மைக்கில் கூப்பிட்டு ஒருத்தரையும் உட்கார விடவில்லை. காலையில் கயிறு இழுத்தல், மத்தியானம் பானைக்குப் பெயிண்ட் அடித்தல், சாயங்காலம் மணலில் வாலிபால். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயை மூன்று நாளைக்கு நீட்டி, நடுநடுவே வஞ்சனையில்லாமல் சோறு போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

முதல் நாள் மணல்வீடு கட்டும் போட்டியில் எங்களுக்குத்தான் முதல் பரிசு. மற்றவர்கள் எல்லாரும் கோபுரம் வைத்த வெளிநாட்டு அரண்மனை கட்டினார்கள். நானும் மகளும் மலைக்கோட்டை கட்டினோம். தினமும் கடை திறக்கும்போது அண்ணாந்து பார்க்கிற பாறை, கை தானாகப் போயிற்று. உச்சியில் ஒரு சிப்பியைக் கவிழ்த்துப் பிள்ளையார் கோயில் வைத்தோம். தீக்குச்சியால் படி கீறிக்கொண்டிருந்த மகள், கீழே சந்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, "இது நம்ம கடைப்பா" என்றாள். விசில் பெண் எங்கள் தலையில் ஆளுக்கொரு ஓலைத் தொப்பியை வைத்தார். அன்றைக்கு முழுக்க நான் அதைக் கழற்றவில்லை.

அன்று மத்தியானம் உப்பங்கழியில் துடுப்புப் படகு. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு படகு. என் மனைவி புடவையை விட்டு சுடிதாருக்கு மாறி உட்கார்ந்து, நாலு தள்ளு தள்ளினாள், போய்க்கொண்டே இருந்தாள். என் படகு ஒரே இடத்தில் செக்கு மாதிரி சுற்றியது. "என்னங்க, கொள்ளிடத்து வீரரே, வாங்க!" என்று தூரத்திலிருந்து கத்தினாள். நான் "காத்து எதிர்ல அடிக்குதுடி!" என்று கத்தினேன். காற்று எங்கே அடித்தது, ஒரு இலைகூட அசையவில்லை. கரையில் நின்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடை வைத்த இத்தனை வருஷத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை.

சாயங்காலம் அவள் ஓடி வந்து, "அப்பா, நாளைக்கு நீச்சல்குளத்துல அப்பா-பிள்ளை ரேஸ். பேரு குடுத்துட்டேன். நீங்க யாருன்னு அந்த அக்காகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

காதுவலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. விசில் பெண்ணிடம் போய், குளத்தில் எந்தப் பக்கம் ரேஸ் நடக்கும் என்று நைசாக விசாரித்தேன். சின்னப் பிள்ளைகளும் இருப்பதால் ஆழம் குறைந்த பக்கத்தில், குறுக்குவாட்டில் நடக்குமாம். அப்பா இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ப் பிள்ளையின் கையைத் தொட வேண்டும். பிள்ளை திரும்பி நீந்தி வர வேண்டும். ஆழம் நாலடி.

நாலடி என்றதும் எனக்கு உயிர் வந்தது. என் உயரம் ஐந்தரை அடி.

விடிந்ததும் ஒருத்தருக்கும் தெரியாமல் குளத்தில் இறங்கினேன். முட்டியை மடக்கி, மோவாய் வரைக்கும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, கையை மட்டும் மாற்றி மாற்றி வீசினால் பார்க்கிறவர்களுக்கு அசல் நீச்சல்தான். கால் பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கும். இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவை நிமிர்ந்தால், வலையால் இலை அள்ளுகிறவர் கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன சார், எதையாவது தொலைச்சுட்டீங்களா?"

"ஆமாங்க, மோதிரம்" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

நல்ல மனுஷன். வலையைத் தூக்கிக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார். குளத்தின் மூலை முடுக்கெல்லாம் துழாவினார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கடைசியில், "அட, விரல்லயேதாங்க இருக்கு!" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் என்னையும் மோதிரத்தையும் பார்த்துவிட்டு இலை அள்ளப் போய்விட்டார்.

பத்து மணிக்கு ரேஸ். ஆறு அப்பாக்கள். எதிர் முனையில் பிள்ளைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் காத்திருந்தார்கள். என் மகள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கை ஆட்டினாள். விசில் சத்தம் கேட்டது. நான் கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். மற்ற அப்பாக்களின் லட்சணமும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருத்தர் பக்கத்து ஆள் மேல் போய் முட்டினார். ஒருத்தர் பாதியில் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டு நின்றார். ஒருத்தருக்கு டிரவுசர் நழுவி, அதைப் பிடிப்பதா நீந்துவதா என்று திண்டாட்டம். கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் மட்டும்தான் நிஜமாக நீந்தினார். அவருக்கு அடுத்தது நான்!

பாதி தூரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மகளைக் காணோம். பகீரென்றது. அப்புறம் பார்த்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கியிருக்கிறாள். கண்ணாடியோடு. என் பக்கம் பார்த்தபடி.

நான் பக்கத்தில் போனபோது மேலே வந்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தொட்டுவிட்டு மீன்குஞ்சு மாதிரி போய்விட்டாள். எங்களுக்கு இரண்டாம் பரிசு. விசில் பெண் மைக்கில், "கொள்ளிடத்து அப்பாவுக்குப் பலமா ஒரு கைத்தட்டு!" என்றார். எல்லாரும் தட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். கொடுத்த மெடலை மகள் தன் கழுத்திலிருந்து கழற்றி, "நீங்களே போட்டுக்குங்கப்பா" என்றாள்.

பார்த்தாளா, பார்க்கவில்லையா? அன்று மத்தியானச் சாப்பாட்டில் வஞ்சிர மீன் வறுவல் இறங்கவில்லை. அவளோ இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் கடலில் கால் நனைக்கப் போனோம். அலை முட்டிக்கு மேல் வந்ததும் என் கையை இழுத்து, "போதும்ப்பா, இங்கயே நிக்கலாம்" என்றாள். பிள்ளை கடலுக்குப் பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது காரில் ஓலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரும் முன்பே தூங்கிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சரி, தண்ணீர் கலங்கியிருக்கும், தெரிந்திருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

ஆடி வந்தது. காவிரியில் தண்ணீர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு விடறதா இல்லீங்க மாப்ளே. பாப்பாவே நீந்துறா, கொள்ளிடத்தைக் கடந்தவரு நீங்க படியில உக்கார்றதாவது!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மனைவியும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். படித்துறையில் ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் சங்கிலியைப் பிடித்தேன். என்ன வலியைச் சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அப்பா தண்ணில இறங்கக் கூடாது. அவருக்குக் காதுவலி. டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்து ராத்திரி தூங்கவே இல்ல, தெரியுமா? அம்மா எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்க."

எனக்குக் காதுவலி இல்லை. இருக்கிறது என்று அவளிடம் நான் சொல்லவும் இல்லை. கண் இமைக்காமல், தடங்கல் இல்லாமல் சொன்னாள். காதுவலியோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரைச் சேர்த்து, ராத்திரியைச் சேர்த்து, எண்ணெயையும் சேர்த்தாள். அப்படியே என் வாய்.

அன்றைக்கே பார்த்துவிட்டாள். கண்ணாடி வழியாக என் இரண்டு காலும் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. கடலில் என்னை முட்டித் தண்ணீரோடு நிறுத்தியதும் அதனால்தான். முதலில் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. அடுத்த நொடியே சுருக்கென்றது. என்னைக் காப்பாற்ற என் பிள்ளை பொய் சொல்கிறாள். சொல்லக் கற்றுக்கொடுத்தவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"காதுவலியெல்லாம் இல்லீங்க மச்சான்" என்றேன். "எனக்கு நீச்சல் தெரியாது."

பிறந்ததிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு நான் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

"அப்போ கொள்ளிடம்?" என்றார் மச்சான்.

"நடந்து போனேங்க. மே மாசம்."

மச்சான் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றாள். "கல்யாணமான புதுசுல நீங்க இந்தச் சங்கிலியைப் பிடிச்ச பிடியைப் பார்த்தப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"இன்னும் எத்தனை வலி வருதுன்னு பார்ப்போம்னுதான்."

அவர்கள் சிரிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. மகள் பக்கம் திரும்பத்தான் பயமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று படியிறங்கி மாமா முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்காதீங்க மாமா. ரிசார்ட்ல ரேஸ் வச்சாங்க. எங்கப்பா தண்ணிக்குள்ள நடந்தே ரெண்டாவது வந்தாரு. நாலு பேரு நீந்தியும் அவரைப் பிடிக்க முடியல. நான் கண்ணாடி போட்டுக்கிட்டு உள்ளேயிருந்து பார்த்தேன். நீங்க நடந்தே ரெண்டாவது வருவீங்களா?"

கொள்ளிடத்துக் கதையைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருக்குமே, அதே பெருமை. இதில் வெள்ளம் இல்லை, பாம்பு இல்லை, கன்றுக்குட்டியும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காவிரிக்கரையில் முகத்தில் தண்ணீர் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னால முடியாதும்மா" என்று ஒப்புக்கொண்டார்.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். "வாங்கப்பா. இங்க மூணு படி வரைக்கும் நடக்கலாம். நான் பார்த்துட்டேன்."

சங்கிலியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.