பாய் ஒட்டாமல் வைத்த சில்லு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி பிறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது திண்டிவனத்தில் நடந்தது இது. நான் விழுப்புரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பேன். நாலு தந்திதான். மேடையில் அதை யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகத் துண்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். என் கிதாரில் அவை தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டன. எங்கே அழுத்தினாலும் ஈ மொய்ப்பது போல ஒரு சத்தம். ஒத்திகையில் அதைக் கேட்ட எங்கள் குழுத் தலைவர், மிக மரியாதையாக, "கீபோர்டுக்காரரே இடது கையில பேஸ் போட்டுடுவாரு. இந்த ஆடிக்கு நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்க" என்றார். எங்கள் குழுவில் ரெஸ்ட் எடுத்த யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆடிக்குள் எல்லா ஃப்ரெட்டையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் என் இடம் போய்விடும்.

விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் கிதாரை உறையிலிருந்து எடுக்கக்கூட விடவில்லை. வைத்துவிட்டுப் போங்கள், சாயந்திரம் ரெடி என்றார். அது ஒரு பகலில் முடிகிற வேலை இல்லை என்பது எனக்கே தெரியும். சென்னையில் விசாரித்தால், தீபாவளிக்கு முன்னால் கிடைக்காது என்றார்கள். கடைசியில் எங்கள் டிரம்மர்தான் திண்டிவனத்தில் ஒரு பாய் இருப்பதாகச் சொன்னார். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் இசைக்கருவிக் கடையொன்றில் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தக் கடை போட்டிருந்தார்.

கிதாரை அங்கே கொண்டுபோய், கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். பக்கத்தில் ஆள் இருந்தால் தனக்குக் கை ஓடாது என்று மறுத்துவிட்டார். சந்தேகம் தாங்காமல் போனை எடுத்து, நகையை அடகு வைக்கிறவன் போல, கிதாரை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "பின்னாடியும் எடுங்க தம்பி" என்று திருப்பிக்கூடக் காட்டினார். அந்த அடக்கத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, எங்கள் உரக்கடையில் வியாபாரம் மும்முரமாக இருந்தபோது பாயிடமிருந்து போன் வந்தது.

"ஏழாவது ஃப்ரெட்ட புடுங்கசொல்ல கட்டை கொஞ்சம் பேந்துக்கினு வந்துடுச்சு தம்பி. உங்க போட்டோவுல பாருங்க, அந்த எடம் முழுசாதான் இருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்."

முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசையாகத் தயார் செய்துகொண்டேன். கையில் ஆதாரம் வேண்டும் என்று போனில் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன, அந்த ஏழாவது ஃப்ரெட்டைத் தவிர. முன்பக்கம் எடுத்த எல்லாப் படத்திலும் அங்கேதான் டியூப்லைட் வெளிச்சம் வெள்ளையாக அடித்திருந்தது. சில்லு பேர்ந்ததை அவர் மறைத்திருந்தாலும், ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்று சாதித்திருந்தாலும், என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கடையில் கிதார் பாதி ஃப்ரெட்டுகள் பிடுங்கிய கோலத்தில் கிடந்தது. பேர்ந்த சில்லை அதன் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, தொலைந்துவிடாமல் மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தார்.

"பசை போட்டா நிக்கும். ஆனா உங்களாண்ட கேக்காம ஒட்டக்கூடாதில்ல? வேற எடத்துக்கு எடுத்துக்கினு போறதுன்னாலும் போங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

எடுத்துக்கொண்டு போனால் ஆடி போச்சு. விட்டுவிட்டுப் போனால் இன்னும் எது பேருமோ தெரியாது. குனிந்து அந்தச் சில்லைப் பார்த்தேன். நகக்கண் அளவுகூட இல்லை. பஸ்ஸில் தயார் செய்த கேள்விகளுக்கெல்லாம் அவர் போனிலேயே பதில் சொல்லியிருந்தார். கோபம் இருந்தது, ஆனால் பயம் போய்விட்டிருந்தது.

"ஒட்டுங்க பாய்" என்றேன்.

அந்த ஆடியில் கெடார் ஊர்த் தீமிதிக்கு நான்தான் வாசித்தேன். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. பேஸ் வாசிக்கிறவனுக்கு அதுவே பாராட்டு. ஒட்டிய இடம் இன்று வரை விரலுக்குத் தட்டுப்படவில்லை. எங்கே என்று தெரிந்த எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல ரிப்பேர்க்காரர் யாராவது உண்டா என்று வேறு குழுக்காரர்கள் கேட்டால் பாயைத்தான் சொல்கிறேன். பிசகே இல்லாமல் செய்வார் என்று நான் சொல்வதில்லை, பிசகினால் போன் பண்ணுவார் என்று சொல்கிறேன். எங்கள் உரக்கடையில் அடியில் ஈரம் ஏறிய மூட்டை கண்ணில் பட்டால், எடுத்துப்போகும் விவசாயி பிரித்துப் பார்க்கும்வரை பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் வெள்ளை வெளிச்சம் அடித்த அந்தப் போட்டோ நினைவுக்கு வந்து, "இந்த மூட்டை வேணாங்க, வேற எடுங்க" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.