இடக்கைக்கு ஒரு பூட்டுக்கதிரை

எங்கள் வீட்டில் பூட்டுக்கதிரை தேடும் பைத்தியம் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது.

டேனிஷில் அதன் பெயர் லோஸஸ்டோல். லோஸ் என்றால் பூட்டு, ஸ்டோல் என்றால் உட்காரும் கதிரை. ஒடென்சேயில் பிறந்த நான் அதை அப்படியே தமிழாக்கி அம்மாவிடம் சொன்னேன். "உள்ள கதிரையில இருக்கவே இஞ்ச ஆளில்லை, இன்னொண்டோ?" என்றார் அம்மா. உண்மையில் அது துவக்கின், அதாவது துப்பாக்கியின், நடுவே இருக்கும் இரும்புப் பகுதி. முன்னால் குழல் பூட்டப்படுவதும், தோட்டா ஏறுவதும், கதவுத் தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளுகிற போல்ட் ஓடுவதும் அதற்குள்தான். ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் என்பார்கள்.

தேடியவர் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. எங்களுடன்தான் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு டேனிஷ் பெண் அவரைக் குறிபார்த்துச் சுடும் சங்கத்துக்கு ஒருநாள் அழைத்துப் போனாள். எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கையால் என்றிருந்த சின்னம்மா, துவக்கைக் கையில் கொடுத்ததும் யாரும் சொல்லாமலே இடத்தோளில் வைத்தாராம். ஐந்து தோட்டாவும் நடுவட்டத்துக்குள். அதன் பிறகு அவர் சனிக்கிழமைகளில் கோயிலுக்கு வரவில்லை.

"துவக்குச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?" என்று அம்மா கேட்டார். பிறகு ஒரு கிழமை முழுவதும் சின்னம்மாவுடன் கதைக்கவில்லை; துவக்குப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்.

சங்கத்துத் துவக்குகளில் போல்ட் வலப்பக்கம் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் சின்னம்மா இடக்கையை எடுத்து, துவக்குக்கு மேலால் வளைத்து, மறுபக்கம் போய் இழுக்க வேண்டும். அதற்குள் குறி தப்பிவிடும். சங்கத்தில் இடக்கைக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார். சுடுவதை நிறுத்திவிட்ட அவர், தன் பழைய துவக்கின் மரக்கட்டையைச் சின்னம்மாவுக்குக் கொடுத்து, "இதில் உனக்கென்று ஒன்றைக் கட்டு" என்றார். எந்த ஆக்‌ஷனுக்காக அதைக் குடைந்தது என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஆகவே தேட வேண்டியது இதுதான்: போல்ட் இடப்பக்கம் இருக்கவேண்டும். சங்கத்தில் எல்லோரும் சுடும் நீளத் தோட்டா அதற்குள் அடங்கவேண்டும். அடியில் உள்ள இரண்டு திருகாணிகளும் கட்டையின் இரண்டு துளைகளுக்கும் நேரே வரவேண்டும். நான் இதை வாய்ப்பாடுபோலப் பாடமாக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வார இறுதியைப் பற்றிக் கேட்டபோது சொல்லியும் விட்டேன். அன்று மாலையே அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது.

ஒடென்சேயில் ஒரு கடையில் இடக்கை ஆக்‌ஷன் இருந்தது. மருந்தில்லாத மாதிரித் தோட்டாவை வைத்துப் பார்த்தோம். குட்டைக் கட்டிலில் படுத்த நெட்டையனைப்போல மூக்கு வெளியே நின்றது. இன்னொரு கடைக்காரர் வலக்கையைப் பழகச் சொன்னார். சின்னம்மா அவருக்கு நன்றி சொல்லாமல் வெளியே வந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஹோர்சன்ஸுக்குப் பக்கத்துக் கிராமத்துக் கடையொன்றிலிருந்து அழைப்பு வந்தது. இடக்கை, நீளம், ஒன்றே ஒன்று. நாளை ஒரு மணிக்கு இன்னொருவர் வருகிறார், அதற்கு முன் வந்தால் உங்களுக்கு. சின்னம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார். கட்டை கடைகடையாகக் கொண்டுதிரிய முடியாத அளவு பெரியது, அதனால் அதன் அடியை மட்டைத்தாளில் வரைந்து, துளைகளைக் குறித்து வெட்டும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. அதை மூன்று நாள் முன்பே முடித்துப் பெருமையோடு வைத்திருந்தேன்.

அந்தப் பெருமையின் மேல் அன்று மாலை ஒரு கிண்ணம் பழச்சாறு கொட்டியது. சின்னம்மா வேலைக்குப் போயிருந்தார். கட்டை பழைய சேலையொன்றில் சுற்றி அலுமாரியின் மேல் கிடந்தது; எனக்கு எட்டாது. அம்மாவிடம் கேட்கப் பயம். புது மட்டையை எடுத்து, ஊறிப்போன பழையதைப் பார்த்துக் கண்மதிப்பில் துளைகளைக் குறித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ரயில் பிரெடரீசியாவில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சின்னம்மா பொலிஸ் அனுமதிக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து எடுத்து வாசித்தார். ஹோர்சன்ஸில் இறங்கியபோது எங்கள் பஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பனியிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிற சின்னம்மா, வாழ்க்கையில் முதல்முறையாக டாக்சிக்குக் கைகாட்டினார். "பிள்ளை, ஏறு! ஏறு!" என்றார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வயல்களுக்கு நடுவே அந்த டாக்சி பறந்தது.

கடைக்குள் நுழைந்தபோது ஒரு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. கடைக்காரர் எண்ணெய்த் துணியை விரித்து அதை வைத்தார். சின்னம்மா மாதிரித் தோட்டாவை உள்ளே இட்டார். அளவெடுத்ததுபோல அடங்கியது. போல்ட் இடப்பக்கம். எனக்குக் கைதட்டவேண்டும்போல இருந்தது. பிறகு அவர் என் மட்டையைக் கீழே வைத்தார். முன் திருகாணி சரியாக இருந்தது. பின் திருகாணி துளையைத் தாண்டி அரை விரல் தள்ளி நின்றது.

"பாவம், இதுவும் இல்லை" என்றார் கடைக்காரர்.

சின்னம்மா தோட்டாவைக் கைப்பையில் போட்டு மூடினார். கடைக்காரர் துணியை மடிக்கத் தொடங்கினார். தமிழில் எனக்குச் சொல் வரவில்லை. மட்டை பிழை, கட்டை பிழையில்லை என்று கடைக்காரரைப் பார்த்து டேனிஷில் கத்தினேன். பழச்சாறு, அலுமாரி, கண்மதிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சின்னம்மா என்னை ஏசவில்லை. கைப்பேசியை என் கையில் தந்தார். "அம்மாக்குப் போன் அடி. நான் கேட்டா லைனை வெட்டிப்போடுவா."

"அம்மா, அலுமாரிக்கு மேல இருக்கிற கட்டையை எடுத்து அளந்து சொல்லுங்கோ. அடியில ரெண்டு துளை இருக்கு."

"நான் அதைத் தொடமாட்டன்."

"அம்மா, கெதியா! இன்னொரு ஆள் வாறார்."

"வந்து வாங்கட்டும்."

"இது இடக்கைக்குச் செய்தது அம்மா. வேற இடத்தில இல்லை."

"ஆருக்கு இடக்கை?" என்றார் அம்மா, மிக மெதுவாக.

"சின்னம்மாவுக்கு. அவா இடக்கையாலதான் சுடுறவா."

கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. தையல் நாடா இருந்த மேசை லாச்சி திறந்தது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது; கடைக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"பத்தொன்பது தசம் ஒன்பது" என்றார் அம்மா. "பொறு, வைக்காத. இன்னொருக்கா அளக்கிறன்." பிறகு, "ஓம். துளையின்ர நடுவில இருந்து நடுவுக்குப் பத்தொன்பது தசம் ஒன்பது. அவளை வடிவாப் பாத்து எடுக்கச் சொல்லு."

கடைக்காரர் தன் அளவுகோலை ஆக்‌ஷனின் அடியில் பிடித்தார். திருப்பி எங்களுக்குக் காட்டினார். நூற்றுத் தொண்ணூற்றொன்பது மில்லிமீட்டர். நான் குதித்ததில் மேசையிலிருந்த எண்ணெய்ப் போத்தல் விழுந்தது. உள்ளே வந்த புது மனிதர் எங்களைப் பார்த்தார், ஆக்‌ஷனைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிச் சின்னம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார்.

சின்னம்மா இடக்கையால் போல்டை உயர்த்தி இழுத்துத் தள்ளினார். மறுபடி இழுத்தார், தள்ளினார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தானே பொருந்தியது, ஏன் அழவேண்டும் என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

பல வருடங்கள் கழித்துத்தான் அம்மா எனக்குச் சொன்னார். ஊரில் சின்னம்மா இடக்கையால் எழுதத் தொடங்கியபோது, அதை மாற்றும் பொறுப்பு மூத்தவளான அம்மாவிடம் கொடுக்கப்பட்டதாம். கோடு போடும் அடிமட்டத்தின் விளிம்பால் இடக்கையின் விரல் மொழிகளில், அந்த மூட்டுகளில், அடிக்கவேண்டும். தானும் சிறுபிள்ளை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்ததாகச் சொன்னார். ஒரு வருடத்தில் மாற்றிவிட்டாராம்.

அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா கதவடியில் நின்றார். ஆக்‌ஷன் எங்கே, எப்போது துவக்கு ஆகும் என்று எதுவும் கேட்கவில்லை. சின்னம்மாவின் இடக்கையைப் பிடித்து, திருப்பி, விரல் மொழிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவும் கையை இழுக்காமல் நின்றார். கடையின் எண்ணெய்க் கறையைத்தான் தேடுகிறார் என்று நினைத்து, நான் சமையலறைக்கு ஓடி, கைகழுவும் சவர்க்காரத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே நீட்டினேன்.