தெருப்பக்கத்து வாசல்

உத்திரமேரூரிலிருந்து வந்த பேருந்தின் நடத்துநர் என்னை அறிந்தவர். காஞ்சிபுரம் நிலையத்தில் நின்ற என்னைக் கண்டு, இறங்கிய கையோடு சொன்னார்: "உங்க என்ஜினியர் ஐயா நேத்து தவறிட்டாரு சார்." அதே பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். சபாபதி அவர்கள் என்ஜினியர் அல்ல, கட்டட வடிவமைப்பாளர். ஊரில் யாருக்கும் அந்த வேறுபாடு பிடிபடவில்லை. அவரும் திருத்துவதை விட்டுவிட்டார்.

எழுபதுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகத்தை அவர் வடிவமைத்தபோது, நான் அவரிடம் வரைபடம் வரைந்தேன். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்டதல்ல. ஆய்வுக்கூடங்களைத் தாளிலேயே முடித்தவர், அந்த வளாகத்தில் வரவிருந்த அருங்காட்சியகத்தை மட்டும் தாளில் நம்ப மறுத்தார். கோடையில் வற்றிக் கிடந்த தன் ஊர் உத்திரமேரூர் ஏரிக்குள் சுண்ணாம்புத் தூளால் அதை முழு அளவில் கோடு போட வைத்தார். வெயிலில் என் மண்டை காய்ந்தது. அங்கே ஆடு மேய்த்தவர்களை உள்ளே நடக்கவிட்டு, எங்கே தயங்குகிறார்கள் என்று பார்ப்பார்.

முனியம்மா என்ற பெண் மட்டும் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னா சார், படிச்சவங்க போற எடத்துல நாங்க பூந்தா தொரத்த மாட்டாங்களா?"

"தெருவுலேர்ந்தே ஒரு வாசல் வக்கிறேம்மா. யாரையும் கேக்க வேணாம். கட்டி முடிச்சதும் நானே கூட்டிக்கினு போறேன்."

அந்த ஒரு வாசலுக்காகக் கட்டடக் குழுவோடு மல்லுக்கட்டினார். வாசல் வந்தது. திறப்பு விழா முடிந்ததும், பாதுகாப்பு என்று காரணம் சொல்லி அதைப் பூட்டிவிட்டார்கள். மாணவர்கள் மட்டும் உள்பக்கமாகப் போய்ப் பார்த்தார்கள். சபாபதி நேரில் போய்க் கேட்டார், பலிக்கவில்லை. வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். மனைவி, மக்கள் இல்லை. பேச்சு அந்தக் கட்டடத்தின் பக்கம் திரும்பினால் காபி போட எழுந்துவிடுவார். ஒரு முறை மட்டும், "நல்லா வந்த கட்டடம்யா. போய்ப் பாக்கத்தான் மனசு வரல" என்றார். அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்கு வலிக்கும்.

இறுதிச் சடங்குக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் வரவில்லை. தெருக்காரர்கள் சிலர்தான் இருந்தார்கள். முனியம்மா என்னருகே வந்தார்.

"எப்ப கேட்டாலும், இன்னும் கட்டிக்கினு கீறாங்கன்னுவாரு. இத்தினி வருசமாவா சார் கட்டுவாங்க? பாவம், முடியறதப் பாக்காமயே பூட்டாரே."

முடிந்து பல ஆண்டுகள் ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். போய் வாருங்கள், சார் என்று மனதுக்குள் அவருக்கு விடை கொடுத்தேன். முனியம்மாவிடம் நானும், "பெரிய கட்டடம்மா, இன்னும் கட்டிக்கினுதான் கீறாங்க" என்றே சொன்னேன்.