அவள் வேண்டுமென்று செய்யவில்லை

அம்மாவை நினைக்கும்போதெல்லாம், தங்கை எல்.கே.ஜி. படித்த பள்ளிக்கூட வாசலில் அவள் தலைகுனிந்து நின்றதுதான் முதலில் வருகிறது. செஞ்சி கடைவீதியில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், பள்ளியிலிருந்து போன் வந்ததும் கழுத்தில் அளவு டேப் தொங்க அப்படியே ஓடி வந்திருப்பாள். தங்கை உட்கார மாட்டேன் என்கிறாள், பக்கத்துப் பிள்ளையின் கிரேயானைப் பிடுங்குகிறாள், சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடுகிறாள் என்று தினம் ஒரு புகார். அதே பள்ளியில் படித்த என்னைக் காட்டி, "அக்காவப் பாரு, எவ்ளோ அமைதி" என்பார்கள். வீட்டிலும் அதே பேச்சு. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. இன்று அதை நினைத்தால் கூசுகிறது. தங்கையை அடிக்க எல்லோரும் கையில் எடுத்த கோல் நான்தான்.

ஒருநாள் அவள் வகுப்பிலிருந்து நழுவி மெயின்ரோட்டுக்கே ஓடிவிட்டாள். எதிரே வந்த பஸ்ஸின் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். "வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் கட்டட வேலையிலிருந்த நைனா, "இன்னா புள்ள வளக்கற நீ?" என்று போனில் கத்தினார். அன்று சாயங்காலம் அம்மா தோசைத் திருப்பியைப் பழுக்கக் காய்ச்சித் தங்கையின் கெண்டைக்காலில் இழுத்தாள். "இனிமே ஓடுவியா? ஓடுவியா?" மறுநாள் காலையில் தங்கை அந்தக் காலோடேயே வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

புண் சீழ் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே விசாரித்தவர்கள், விழுப்புரத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா பல முறை வரச்சொல்லி, தங்கையை விளையாடவிட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இது திமிர் இல்லம்மா. இதுக்கு ஏ.டி.ஹெச்.டி.னு பேரு. ஒரு எடத்துல நிக்கறதும் கவனிக்கறதும் இவளுக்கு மத்த புள்ளைங்களவிடக் கஷ்டம். அடிச்சா மாறாது. நாம சொல்லிக்குடுக்கற விதத்த மாத்தணும்" என்றார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப அவ வேணும்னு செய்யலையா?"

திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸில் தங்கையின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரிடம் அம்மாவே போய் எல்லாவற்றையும் சொன்னாள், சூடு போட்டதையும் சேர்த்து. டீச்சருக்கு முதலில் பயம்தான். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் சொன்னபடி வாசலை விட்டுத் தள்ளித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். தோளைத் தொட்டு, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொன்னார். கால் பரபரக்க ஆரம்பித்ததும் தம்ளர் எடுத்துவைக்க எழுப்பிவிடுவார். முதலில் தம்ளர்களெல்லாம் பறந்தன. மாதங்கள் போய், ஒருநாள் தங்கை ஒரு கதையை முழுசாக உட்கார்ந்து கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த அம்மாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். "இவ்ளோதானாடி? இத வுட்டுட்டு நான் இன்னா காரியம் செஞ்சன்" என்றாள்.

தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் பொருளைத் தொலைக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். போன மாதம் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை அவளிடம், "கால்ல இன்னாடி தழும்பு?" என்றார்.

"பைக் சைலன்சர் சுட்டுடுச்சி அத்த."

சட்டென்று சொன்னாள். எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லிப் பழகியிருப்பாளோ. அம்மா இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்ல அண்ணி. நான்தான் சூடு போட்டன். நாலு வயசுப் புள்ளைக்கு."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எதுக்கும்மா இப்ப?" என்று தங்கை முனகினாள்.

"தப்பு என்னுது. அத மறைக்கற வேல உனக்கு எதுக்கு?"

தங்கை சோற்றில் கை வைத்தபடியே அழ ஆரம்பித்தாள். சூடு பட்ட அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, அதற்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.